பொம்மை என்று சொல்லாதீர்கள்!



இரண்டு மாதங்களுக்கு முன்பு ஆசிரியர் அறையில் நடந்தது இது. நான் வீட்டில் கட்டி முடித்த ரோபோ உருவம் ஒன்றை, மாணவன் ஒருவனுக்குக் காட்டுவதற்காகக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்திருந்தேன். ஏறக்குறைய ஒரு சாண் உயரம் இருக்கும். அதைப் பார்த்த சக ஆசிரியை ஒருவர், "உங்கள் மகனுடைய பொம்மையா, டீச்சர்?" என்று கேட்டார். "இல்லை, என்னுடையது. நானே கட்டினேன்" என்றேன். அறையில் சிரிப்பலை எழுந்தது. "நாற்பது வயதுக்கு மேல் பொம்மை விளையாட்டா? அந்த நேரத்தில் நான்கு பயிற்சித் தாள் தயாரித்திருக்கலாமே!" என்றார் இன்னொருவர். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டேன்.

அப்படிச் சிரித்ததற்காக இன்றுவரை வருந்துகிறேன். கடந்த வாரம் நடந்த மற்றொரு நிகழ்வு அந்த வருத்தத்தைச் சினமாக மாற்றிவிட்டது. அதைப் பின்னர் சொல்கிறேன். அன்று நான் சொல்லாமல் விழுங்கிய பதிலை இன்று எழுதிவிடுகிறேன். சற்று நீளும், பொறுத்தருள்க.

உருமாறும் ரோபோ: ஒரு சிறு விளக்கம்

1979-ஆம் ஆண்டு ஜப்பானில் 'மொபைல் சூட் கண்டாம்' என்னும் அனிமே தொடர் ஒளிபரப்பானது. தொடர் முடிந்த பிறகு, 1980 சூலையில், பண்டாய் நிறுவனம் அந்தக் கதையின் ரோபோவை 1/144 அளவில் பிளாஸ்டிக் பாகங்களாக்கிப் பெட்டியிலிட்டு 300 யென்னுக்கு விற்றது. 'கன்பிளா' என்று இன்று பல நாடுகளில் அறியப்படும் பொழுதுபோக்கு அப்படித்தான் தொடங்கிற்று.

1982-இல் 'மாக்ரோஸ்' வந்தது. அதில் வரும் வால்கைரி என்னும் போர் விமானத்தை வடிவமைத்த ஷோஜி கவாமோரிக்கு அப்போது வயது 22. அமெரிக்கக் கடற்படையின் எஃப்-14 டாம்கேட் விமானத்தின் சாயலில் அமைந்த அந்த வானூர்தி, மூன்று வடிவங்கள் எடுக்கும். விமானமாக இருக்கும்போது பின்புறம் உள்ள இரண்டு இயந்திரக் கூடுகள், மனித வடிவில் இரண்டு கால்களாகின்றன. நெருப்பைக் கக்கும் குழல்வாய்கள் பாதங்களாகின்றன. கைகள் இரண்டும் விமானத்தின் அடிவயிற்றில் கால்களுக்கு நடுவே மடிந்து கிடக்கின்றன. இடையில் ஒரு வடிவம்: பாதி விமானம், பாதி மனிதன், கால்களை முன்னே நீட்டித் தரையிறங்கும் பறவையைப் போன்றது. கவாமோரி தம் உருமாற்றங்களை லெகோ கட்டைகளால் செய்து பார்த்துச் சரிபார்ப்பவர் என்பது அவர் வரலாற்றை அறிந்தவர்களுக்குத் தெரியும். கையால் செய்து பார்த்து, மடியாததை நீக்கி, மடிவதை வைத்துக்கொண்டவர்.

1985-இல் 'ஸீட்டா கண்டாம்'. அதன் நாயக ரோபோ, தலையை உடலுக்குள் இழுத்துக்கொண்டு, கைகளை ஒடுக்கி, கால்களை மடக்கி, தன் கேடயத்தையே மூக்காகக் கொண்டு பறக்கும் ஊர்தியாகிவிடும். திரையில் இது ஒரு சில நொடி. மேசைமேல் நம் கையால் செய்யும்போது அரை மணி நேரம்கூட ஆகலாம். ஒரு மூட்டைத் தவறான வரிசையில் திருப்பினால் அடுத்த மூட்டு திரும்பாது. வலிந்து திருப்பினால் உடையும்.

அன்று ஆசிரியர் அறையில் என் மேசைமேல் நின்றது இந்த ஸீட்டா கண்டாம்தான், 1/100 அளவு.

பொம்மைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

பொம்மை முடிந்த நிலையில் கடையிலிருந்து வருகிறது. இந்தப் பெட்டியைத் திறந்தால் ரோபோ இருக்காது. சன்னல் சட்டங்களைப் போன்ற தட்டையான பிளாஸ்டிக் சட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு சட்டத்திற்கும் ஓர் எழுத்து; அதில் தொங்கும் ஒவ்வொரு பாகத்திற்கும் ஓர் எண். பெரிய பெட்டியில் சில நூறு பாகங்கள் இருக்கும். அவற்றைக் குறட்டால் வெட்டி எடுக்க வேண்டும். ஒரே வெட்டில் ஒட்ட வெட்டினால் பிளாஸ்டிக் வெளுத்துக் குழிவிழும். ஆகவே முதலில் சற்றுத் தள்ளி ஒரு வெட்டு. பிறகு எஞ்சிய முளையை மெல்லச் சீவ மறு வெட்டு. அதன்பின் 400, 600, 800, 1000 என உப்புத்தாளை நயமாக்கிக்கொண்டே போய்த் தேய்க்க வேண்டும். பெரும்பாலான பாகங்களுக்குப் பசை தேவையில்லை. ஒன்றோடொன்று அழுந்திப் பூட்டிக்கொள்ளும்.

அசையாத உருவமானால் கதை இத்தோடு முடிந்தது. பொருந்தாத இடத்தில் பசையை ஊற்றலாம். இடைவெளியை மாவால் அடைக்கலாம். கண்ணாடிப் பேழையில் வைத்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

உருமாறும் உருவத்தில் அந்த ஏமாற்று வேலை நடக்காது. மூன்றாம் படியில் நீங்கள் செய்த பிழை, நாற்பதாம் படியில், உருமாற்றும் நேரத்தில் உங்களைக் காட்டிக்கொடுக்கும். மூட்டின் உட்புறத்தில் சாயம் பூசினீர்களா? சாயத்தின் தடிப்பே போதும், மூட்டு இறுகிவிடும். திருப்பினால் பூசியது உரிந்துவரும். முளையைச் சரியாகத் தேய்க்கவில்லையா? கேடயம் பூட்டாது. வேலை சரியா பிழையா என்று சொல்ல ஆசிரியர் வேண்டியதில்லை. சிவப்பு மையும் வேண்டியதில்லை. தேர்வாளர் அந்தப் பொருளுக்குள்ளேயே அமர்ந்திருக்கிறார். அவருக்கு முகம் பார்த்து மதிப்பெண் போடத் தெரியாது.

நான் தோற்ற கதை

என் மகன் தொடங்கிப் பாதியில் கைவிட்ட பெட்டி ஒன்றை, வீணாகிறதே என்று எடுத்து முடித்துவைத்ததுதான் என் முதல் முயற்சி. அது உருமாறாத சிறிய ரோபோ. எளிதாக இருந்தது; தலைக்கனம் வந்துவிட்டது. அடுத்து நேரே ஸீட்டாவில் கைவைத்தேன்.

மூன்று வாரம் இரவில் அமர்ந்து கட்டினேன். நின்றது, அழகாகவும் நின்றது. உருமாற்றத் தொடங்கினேன். ஒரு கால் முழுதாக மடிந்தது. மற்றக் கால் இரண்டு மில்லிமீட்டர் குறைவாக மடிந்து நின்றுவிட்டது. அந்த இரண்டு மில்லிமீட்டரால் கேடயம் பூட்டவில்லை. கையேட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். இடக்கால் உட்சட்டத்தில் வைக்க வேண்டிய பாகம் ஒன்றை வலக்காலிலும், வலக்காலுக்குரியதை இடக்காலிலும் வைத்திருந்தேன். கண்ணாடிப் பிம்பம்போல் இருக்கும் இரண்டு பாகங்கள். கையேட்டில் தெளிவாகவே எழுதியிருந்தது, நான் பார்க்கவில்லை. "வினாவை இரண்டு முறை படி" என்று ஆண்டு முழுவதும் மாணவர்களிடம் கத்துகிறவள் நான்!

பிரித்து மாற்றினேன். அதோடு நிற்கவில்லை என் பாடம். உட்சட்டம் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கால் ஆனது. கோடுகளில் எனாமல் மை ஊற்றிவிட்டு, மிகுந்ததை எனாமல் தின்னரால் துடைத்தேன். தின்னர் மூட்டின் இடுக்கில் இறங்கியது. அழுத்தத்தில் இருக்கும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் தின்னர் ஊறினால் வெடிப்பு விடும் என்பது கட்டுவோர் பலர் அறிந்த உண்மை. நானும் அதைப் படித்திருந்தேன். படித்ததும் அறிந்ததும் ஒன்றல்ல என்று, காலையில் முழங்கால் இரண்டாகக் கிடந்தபோதுதான் விளங்கிற்று. உள்ளே செம்புக் கம்பி செருகி ஒட்டினேன். இன்றும் அந்தக் காலை மடக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறேன்.

ஆசிரியர் தொழிலில் இருபது ஆண்டுகளாக நான் மற்றவர் பிழைகளைத் திருத்தி வந்திருக்கிறேன். என் பிழையை ஒரு பொருள் எனக்குக் காட்டி, 'நீயே திருத்து' என்று நிற்கவைத்தது அப்போதுதான்.

அந்த மாணவன்

இப்போது, நான் எதற்காக அந்த ரோபோவைப் பள்ளிக்குக் கொண்டுபோனேன் என்று சொல்கிறேன். ஐந்தாம் ஆண்டில் ஒரு மாணவன். வாசிப்பில் பின்தங்கியவன். கட்டுரை என்றால் மூன்று வாக்கியம் எழுதிப் பேனாவை மூடிவிடுவான். தன் விடை சரியா பிழையா என்று அவன் ஒருபோதும் பார்த்ததில்லை. தாளை நீட்டிவிட்டு என் முகத்தைத்தான் பார்ப்பான். அவனுடைய நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஸீட்டாவின் படம் வரைந்திருந்தது என் கண்ணில் பட்டது.

என்னிடம் இருந்த சிறிய 1/144 பெட்டி ஒன்றை அவனிடம் கொடுத்து, பள்ளி முடிந்ததும் நூலக மூலையில் அமர்ந்து கட்டச் சொன்னேன். கையேடு ஜப்பானிய மொழியில் இருந்தது. அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் எழுத்து, எண், அம்புக்குறி, படம் ஆகியவற்றைக் கொண்டு அவன் அதை 'வாசித்தான்'. இரண்டாம் நாள் ஒரு தோள்பகுதியைப் பொருத்தினான், நிறுத்தினான், கையேட்டைப் பார்த்தான், தானே மெல்லப் பிரித்துத் திருப்பிப் பொருத்தினான். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவன் என் முகத்தையும் பார்க்கவில்லை!

ஒருநாள் கையேட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தவன், "டீச்சர், இது மாறவில்லையே! நாம்தானே மாற்றி வைக்கிறோம்?" என்றான். அவன் சொன்னது உண்மை. 2003-இல் வெளியான அந்தச் சிறிய வகையில், ரோபோவின் நடு உடலைக் கழற்றிவிட்டு, பறக்கும் வடிவத்திற்கென்றே தனியாக வரும் உடலைப் பொருத்த வேண்டும். பார்வைக்கு எடுப்பாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் அது முழு உருமாற்றம் அன்று. தன்வினை, பிறவினை என்று கரும்பலகையில் நான் எத்தனையோ முறை எழுதியும் அவனுக்கு ஏறாத இலக்கணம் அது. மாறுவது வேறு, மாற்றுவது வேறு என்று அவன் கையே அவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது. அப்போதுதான் முழுமையாக உருமாறும் என் ரோபோவைக் கொண்டுவந்து காட்டினேன். மூன்று முறை மடக்கி விரித்தான். 'கால் எப்படி மடிகிறது' என்று எழுதச் சொன்னேன். ஒன்பது வாக்கியம் எழுதினான். முதலில், அதன் பிறகு, ஆகவே, இல்லையென்றால்... நான் கற்பித்தும் வராத இணைப்புச் சொற்கள் அத்தனையும் அதில் இருந்தன.

கடந்த வாரம் அவன் தந்தை பள்ளி வாசலில் காத்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. "டீச்சர், இவனுக்குப் படிப்பே ஏறவில்லை. நீங்கள் வேறு பொம்மை கொடுத்துக் கெடுக்கிறீர்களே!" என்று சொல்லிப் பையை நீட்டினார். உள்ளே பாதி கட்டிய ரோபோ. ஒரு கால் இன்னும் சட்டத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்தத் தந்தை மோட்டார்ப் பட்டறையில் வேலை செய்பவர். நகக்கண்ணில் கறுப்பு எண்ணெய். "நான் பட்ட பாடு இவனுக்கு வேண்டாம், டீச்சர்" என்றார். எனக்கு விடை வரவில்லை.

கையைக் கண்டு ஏன் அஞ்சுகிறோம்?

இரவெல்லாம் எண்ணிப் பார்த்தேன். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் பாட்டன் பாட்டி தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள். பட்டையை மெல்லிய தோலாகச் சீவ வேண்டும்; கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும், மேலோட்டமாகப் போனால் பால் வடியாது. விடியுமுன் தலைவிளக்கு வெளிச்சத்தில் நூற்றுக்கணக்கான மரங்களை அப்படிச் சீவிய கைகள், எவ்வளவு நுட்பமான கைகளாக இருந்திருக்க வேண்டும்! ஆனால் அந்த நுட்பத்திற்கு யாரும் மதிப்புத் தரவில்லை. கூலி மட்டும் தந்தார்கள், அதுவும் குறைவாக. ஆகவே கைவேலை என்றால் வறுமை, படிப்பு என்றால் விடுதலை என்று நம் சமுதாயம் கற்றுக்கொண்டது. 'நீயாவது படி' என்ற சொல்லில்தான் நாம் அனைவரும் வளர்ந்தோம். நானும் அந்தச் சொல்லால்தான் ஆசிரியையானேன்.

அந்தச் சொல் அன்று சரி. ஆனால் அதை நாம் தவறாக மொழிபெயர்த்துவிட்டோம். வறுமையை விட்டு வெளியேறச் சொன்னதை, கையை விட்டு வெளியேறச் சொன்னதாகக் கொண்டோம்.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. ஆனால் அது நம் மனத்திலிருந்து நீங்கியதா? பயிற்சித் தாள் அடுக்குகள் குறைந்தனவா? பழைய பாடத்திட்டத்தில் வாழ்வியல் திறன் இருந்தது; பின்னர் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் வந்தது. பாடம் அட்டவணையில் இருக்கிறது. மாணவன் கையில் குறடு இருக்கிறதா?

இன்னும் ஒன்றைச் சொன்னால் என் நண்பர்களே என்மீது சினம் கொள்வார்கள், சொல்லத்தான் வேண்டும். புத்தாக்கப் போட்டிகளில் நம் தமிழ்ப்பள்ளிகள் பதக்கம் வெல்கின்றன. பெருமைதான். உண்மையிலேயே தம் கையால் செய்து வென்ற மாணவர்களும் உண்டு, அவர்களை வணங்குகிறேன். ஆனால் இரவு முழுவதும் ஆசிரியர் செய்த கருவியின் பின்னால் நின்று, மனப்பாடம் செய்த விளக்கத்தை மாணவன் ஒப்பிக்கும் காட்சியும் உண்டா இல்லையா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். நானே ஒருமுறை அப்படிச் செய்திருக்கிறேன். பரிசும் கிடைத்தது. அந்த மாணவனிடம் ஒரு திருகாணியைக் கழற்றச் சொல்லியிருந்தால் இருவரும் மாட்டியிருப்போம். அது உருமாற்றமா, நடு உடலைக் கழற்றி வேறொன்றைப் பொருத்திய வேலையா?

எதிர்வாதங்களுக்கு விடை

"காசு வீண்" என்பார்கள். சிறிய பெட்டி சில பத்து வெள்ளி, பெரியது சில நூறு வெள்ளி. மறுக்கவில்லை. எல்லாக் குடும்பத்தாலும் வாங்க இயலாது. ஆனால் ஒரு பெட்டியை ஒரு வகுப்பே மாதக்கணக்கில் பிரித்துப் பொருத்தலாம். பெட்டியே இல்லாவிட்டாலும் அட்டையும் பிளவூசியும் கொண்டு மடியும் மூட்டு ஒன்றைச் செய்யலாம். நான் பரிந்து பேசுவது கடைக்காரருக்காக அன்று.

"பிளாஸ்டிக் குப்பை" என்பார்கள். இந்தக் குற்றச்சாட்டை ஏற்கிறேன். பாகங்களை வெட்டியெடுத்தபின் வெறுஞ்சட்டங்கள் மலைபோல் மிஞ்சுகின்றன. 2021-இல் ஜப்பானில் அவற்றைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் திட்டத்தைத் தொடங்கினார்கள். அது என் வீட்டுக் குப்பைத்தொட்டிக்கு விடையாகாது. ஆகவே ஆண்டுக்கு இரண்டு பெட்டிக்கு மேல் நான் வாங்குவதில்லை. வாங்கிக் குவித்துவிட்டு, திறக்காத பெட்டிகளோடு படமெடுத்துக்கொள்வோரை நான் கட்டுவோர் கணக்கில் சேர்ப்பதும் இல்லை.

"இவை போர்க்கருவிகள் அல்லவா?" என்பார்கள். நல்ல கேள்வி. மாக்ரோஸ் கதையைப் பாருங்கள். பூமியைத் தாக்க வரும் மாபெரும் உருவம் கொண்ட வீரர்களுக்குப் போரைத் தவிர வேறொன்றும் தெரியாது. பாட்டுத் தெரியாது. தம் கப்பல்களையும் கருவிகளையும் இயக்கத் தெரியும், பழுதுபார்க்கத் தெரியாது. மனிதருக்குள் ஒளிந்து வேவு பார்க்க வந்த மூவர், ஒரு பாடகியின் பொம்மையைக் கண்டு வியந்து மயங்குகிறார்கள். அந்தப் போரின் போக்கை மாற்றுவது ஒரு பெண்ணின் பாட்டு. இயக்க மட்டும் தெரிந்து, ஆக்கவும் சீராக்கவும் தெரியாத கூட்டம் எத்தகையது என்று 1982-லேயே ஒரு தொலைக்காட்சித் தொடர் காட்டிவிட்டது. கைப்பேசியை மூன்று வயதில் இயக்கும் நம் பிள்ளைகள், கழன்ற கதவுப் பிடியைப் பூட்டத் தெரியாமல் வளர்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வீரர்கள்தாம் நினைவுக்கு வருகிறார்கள்.

"ஜப்பானியப் பொருளால் தமிழுக்கு என்ன நன்மை?" என்பார்கள். அந்த ஒன்பது வாக்கியங்கள் நன்மை. மூட்டு, கீல், முளை, பள்ளம், பூட்டு, மடிப்பு, சுழற்சி என்று தமிழில் எத்தனை சொற்கள் வேலையின்றிக் கிடக்கின்றன! கையில் பொருள் இருந்தால் அவை தாமாக நாவில் வந்து அமர்கின்றன.

"பெண்ணுக்கு எதற்கு ரோபோ?" என்று கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு விடை சொல்லி நேரத்தை வீணாக்க விரும்பவில்லை.

நான் கேட்பது என்ன?

எல்லாரும் ரோபோ கட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. இதைப் போட்டியாக்குங்கள், சான்றிதழ் கொடுங்கள் என்றும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அடுத்த மாதமே ஆசிரியர்கள் இரவில் அமர்ந்து மாணவர்களுக்காக ரோபோ கட்டத் தொடங்கிவிடுவோம். நம்மை எனக்குத் தெரியும்! தன் பிழையைத் தானே கண்டுபிடிக்கும் வேலை ஒன்று ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் இருக்கட்டும் என்கிறேன். அது தையலாக இருக்கலாம். மிதிவண்டிச் சங்கிலியாக இருக்கலாம். மரத்தாலான பம்பரமாக இருக்கலாம். அதைச் செய்யும் பிள்ளையைப் பார்த்து, 'பொம்மை விளையாட்டு' என்று மட்டும் சொல்லாதீர்கள். சிரிக்காதீர்கள். என்னைப்போல் உடன் சேர்ந்தும் சிரிக்காதீர்கள்.

அந்தப் பிளாஸ்டிக் பை என் அலமாரியில் இருக்கிறது. பள்ளி விடுமுறை முடிந்ததும் அந்தத் தந்தையை அழைக்கப் போகிறேன். அறிவுரை சொல்வதற்காக அன்று. எஞ்சிய காலை மகனோடு சேர்ந்து அவரே பொருத்தித் தரும்படி கேட்பேன். இயந்திரத்தைப் பிரித்துச் சேர்த்த கை அது. இடப்பாகம் எது, வலப்பாகம் எது என்று என்னைவிட விரைவில் கண்டுபிடித்துவிடும். அதை அவர் மகன் பார்க்க வேண்டும்.

அவர் வருவாரா என்று தெரியவில்லை. வந்தால் எழுதுகிறேன்.